கணக்குப் பிழைகளைப் பற்றி நேர்காணலில் கேட்டார்கள்: எங்கள் அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து

பி.காம். முடித்து, பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, வேறு வேலை தேடி இரண்டு நேர்காணல்களுக்குச் சென்றேன். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே கேள்விதான் வந்தது: "கணக்கில் பிழை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

முதல் இடத்தில், விடு பிழை, செய் பிழை, ஈடுசெய் பிழை, விதிப் பிழை என்று மேல்நிலைப் பாடத்தில் படித்த நான்கையும் வரையறையோடு ஒப்பித்தேன். வித்தியாசத் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதை, 7,400 ரூபாயை 4,700 என்று எழுதும்போது வரும் 2,700-ஐக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "டாலியில் இருப்பாய்வு எப்போது சமமாகாமல் போகும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைப் பட்டியலிட்டு, இரண்டின் கூட்டுத்தொகையும் சமமா என்று பார்ப்பதுதான் இருப்பாய்வு; டாலி என்பது கணக்கு மென்பொருள். பற்றும் வரவும் சமமாக இல்லாத பதிவை அந்த மென்பொருள் ஏற்பதே இல்லை. தொடக்க இருப்புகளில் வரும் வித்தியாசத்தை விட்டால், இருப்பாய்வு சமமாகவேதான் நிற்கும். இன்றைய பிழைகள் அங்கே தெரிவதில்லை. வங்கி அறிக்கையோடும், சப்ளையர் அனுப்பும் கணக்கோடும், சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின்படி நமக்குக் கிடைக்கும் வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடும் ஒப்பிடும்போதுதான் தெரிகின்றன. நாள்தோறும் செய்த வேலையை விட்டுவிட்டுப் புத்தகத்திலிருந்து பதில் சொன்னதுதான் என் தவறு என்பது வீடு திரும்பும் பேருந்தில்தான் புரிந்தது.

இரண்டாவது நேர்காணலில் நான் உண்மையில் பிடித்த ஒரு பிழையைச் சொன்னேன். நூல் சப்ளையர் ஒருவருடைய பில், மின்னஞ்சலில் வந்த நகலை வைத்து '118' என்ற எண்ணில் ஒருமுறையும், அசல் வந்த பிறகு முன்னொட்டோடு கூடிய முழு எண்ணில் இன்னொரு முறையும் பதிவாகியிருந்தது. எண்கள் வேறாக இருந்ததால் மென்பொருள் எச்சரிக்கவில்லை. பில் தொகை 1,12,000 ரூபாய். அதில் வரி 12,000. மாதத்தின் 14-ஆம் தேதி 2பி வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எங்கள் ஏட்டில் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியை நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) சரியாக 12,000 ரூபாய் கூடுதலாக இருந்தது. அந்தத் தொகையில் வரி உள்ள பில்களை மட்டும் பிரித்தெடுத்தபோது இரண்டும் அடுத்தடுத்து வந்து நின்றன. 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டியிருந்ததாலும், இரண்டாவது பில்லுக்கான காசோலை கையெழுத்துக்குக் காத்திருந்ததாலும், எதையும் தொடுவதற்கு முன் இரண்டு பில்களையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் சென்றேன்.

"அந்தப் பதிவை அழித்துவிட்டால் போதாதா?" என்று கேட்டார்கள். அழித்தால் சப்ளையர் இருப்பு சரியாகிவிடும்; ஆனால் கடந்த மாத அறிக்கை முதலாளியின் கைக்குப் போய்விட்ட நிலையில், அந்த எண்கள் ஏன் மாறின என்பதற்கு ஏட்டில் எந்த விளக்கமும் இருக்காது. ஆகவே சப்ளையர் கணக்கில் 1,12,000 பற்று வைத்து, கொள்முதலில் 1,00,000, சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) ஆகியவற்றில் தலா 6,000 வரவு வைத்து எதிர்ப்பதிவு செய்து, விவரக்குறிப்பில் இரண்டு பில் எண்களையும் எழுதினேன் என்றேன். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தானாகப் பதிவாக வேண்டும் என்ற விதியையும் குறிப்பிட்டேன். அதன் பிறகு நேர்காணல் கேள்வி பதிலாக இல்லாமல், இரு கணக்கர்கள் பேசிக்கொள்வதைப் போல ஆகிவிட்டது. வேலையும் கிடைத்தது.

ஓசூரிலிருந்து

என்னிடம் கேட்டது வேறு விதமான கேள்வி: "நீங்களே செய்த பிழை ஒன்றைச் சொல்லுங்கள்." முன்பொரு முறை "பெரிதாக எதுவும் இல்லை" என்று சொல்லி, எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்திருந்ததால், இம்முறை உள்ளதைச் சொன்னேன். பெங்களூரு வாடிக்கையாளருக்கு, வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 18 சதவீதம் போட வேண்டிய இடத்தில், சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று பில் போட்டுவிட்டேன். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்குரிய 33-இல் அல்லாமல் கர்நாடகத்துக்குரிய 29-இல் தொடங்குவதை நான் கவனிக்கவில்லை. அடுத்த மாதம், வரி வரவு எடுக்க முடியவில்லை என்று அவர்கள் தொலைபேசியில் சொன்னபோதுதான் தெரிந்தது. அதற்குள் கணக்கும் தாக்கலாகிவிட்டது. அன்று மாலையே முதலாளியிடம் சொன்னேன். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி, சரியான தலைப்பில் வரியைச் செலுத்திவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். அப்படிச் செலுத்தும் வரிக்கு வட்டி கிடையாது. ஆனாலும் பணம் திரும்பி வரும் வரை அந்தத் தொகை முடங்கிக் கிடந்ததையும், அதனால் நிறுவனத்துக்கு நெருக்கடி வந்ததையும் மறைக்காமல் சொன்னேன். "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்றார்கள். புதிய வாடிக்கையாளருக்குப் பேரேட்டில் கணக்குத் தொடங்கும்போதே எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களையும் மாநிலத்தையும் ஒப்பிடுகிறேன் என்றேன்.

சென்னையிலிருந்து

நான் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து நேர்காணல் செய்பவன். வாயால் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, ஒரு மாத வங்கி அறிக்கையையும் வங்கி ஏட்டின் பக்கத்தையும் கொடுத்துவிடுவேன். அவற்றுக்கிடையே மூன்று வித்தியாசங்கள் இருக்கும்: கொடுத்தும் வங்கிக்கு வராத ஒரு காசோலை, ஏட்டில் ஏறாத வங்கிக் கட்டணம், வங்கியில் 6,300 என்றும் ஏட்டில் 3,600 என்றும் இருக்கும் ஒரு வரவு. பலர் மூன்றுக்கும் பதிவு போட முனைகிறார்கள். காசோலைக்குப் பதிவே தேவையில்லை, அது வங்கி இருப்பையும் ஏட்டு இருப்பையும் ஒத்துப்பார்க்கும் சரிகட்டும் பட்டியலோடு நின்றுவிடும். சிலர் மொத்த வித்தியாசத்தையும், காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

பிறகு, "மேலாளரே 'அனாமத்தில் போடுங்கள், மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். சென்ற முறை வந்த ஓர் இளம்பெண், "போடுவேன் சார், ஆனால் எந்தத் தேதி, எந்தத் தொகை என்று விவரம் எழுதி உங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன், ஒவ்வொரு மாத முடிவிலும் அந்த இருப்பை உங்களிடம் காட்டுவேன்" என்றார். தாளைத் திருப்பித் தரும்போது, மூன்றாவது வித்தியாசத்துக்கு மட்டும் பதிவு எழுதாமல் விட்டிருந்தார். காரணம் கேட்டேன். பிழை ஏட்டிலா வங்கியிலா என்று இந்தத் தாள்களை வைத்துச் சொல்ல முடியாது, ரசீதின் அடிக்கட்டையைப் பார்க்கலாமா என்று கேட்டார்.