பழைய கொம்பி கேம்பர்: எவ்வளவு ஓடினாலும் உள் பெட்டரி ஏறவில்லை, உதவி தேவை

பண்டாரவளைக் கொம்பி:
வணக்கம். எங்களிடம் 1973 வொக்ஸ்வேகன் கொம்பி வேன் இருக்கிறது. கூரையைத் தூக்கிப் படுக்கை போடும் கேம்பர். அப்பா ஓட்டிய வண்டி, இப்போது என் பொறுப்பு. எஞ்ஜின் பெட்டரி பின்னால் எஞ்ஜின் அறைக்குள். லைட், தண்ணீர் பம்ப், போன் சார்ஜர் எல்லாவற்றுக்கும் 100 ஆம்பியர் மணி பெட்டரி ஒன்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெட்டிக்குள், இதுதான் உள் பெட்டரி. நடுவில் ரிலே: எஞ்ஜின் ஓடும்போது இரண்டையும் இணைக்கும், நின்றால் பிரிக்கும்.

வெலிமடை வழியாக நுவரெலியா வரை ஓட்டிப் போனாலும் உள் பெட்டரி ஏறுவதே இல்லை. இரவில் பம்பைப் போட்டதும் லைட் மங்குகிறது. காலையில் பார்த்தால் 12.0 வோல்ட். வீட்டில் 230 வோல்ட் சார்ஜரில் போட்டால் நன்றாக ஏறி நிற்கிறது. கராஜில் ஓல்டனேட்டரை (எஞ்ஜின் சுற்றும்போது பெட்டரிக்குக் கரண்ட் தருவது) மாற்றச் சொல்கிறார்கள். ஏப்ரல் சீசனுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்குள் சரியாக்கணும்.

மஸ்கெலியா மழை:
பிரிட்ஜ் இருக்கிறதா? கேஸ், 230, 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் பழைய வகை என்றால், நிறுத்திய பிறகும் 12 வோல்ட்டில் விட்டால் 8 ஆம்பியராவது இழுக்கும். ஓரிரவில் பெட்டரி காலி.

பண்டாரவளைக் கொம்பி:
பிரிட்ஜைக் கழற்றிவிட்டோம். ஐஸ் பெட்டிதான்.

ஹட்டன் வயரிங்:
தம்பி, ஓல்டனேட்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் அது டைனமோ, அதாவது அதே வேலை செய்யும் பழைய வகை, இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். அந்தக் காலத்துக் கொம்பிகள் பலவற்றில் டைனமோதான் வந்தது. டைனமோ ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. றம்பொடைப் பக்கம் பனிமூட்டத்தில் லொறிக்குப் பின்னால் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு ஊர்ந்தால், ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம்.

ஓல்டனேட்டர்தான் என்றால், கொஞ்சம் ரேஸ் கொடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பெட்டரியிலும் வோல்ட் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: உள் பெட்டரி இறங்கியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நிறைந்த பெட்டரி கரண்ட் இழுக்காது. கரண்ட் ஓடாவிட்டால் துருப்பிடித்த இணைப்பும் மீட்டரில் நல்லதாகவே தெரியும். கராஜுக்கு வண்டியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோனால் பழுது ஒளிந்துகொள்ளும்.

பண்டாரவளைக் கொம்பி:
பார்த்தேன் அண்ணே. முன்பே யாரோ ஓல்டனேட்டர் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ரேஸ் கொடுத்தபோது எஞ்ஜின் பெட்டரியில் 13.9, உள் பெட்டரியில் 12.4. ரிலே டக் என்று விழும் சத்தமும் கேட்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனின் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்விக் கரண்ட் பார்ப்பது) உள் பெட்டரி வயரில் போட்டால் 12 ஆம்பியர் போகிறது.

ஹட்டன் வயரிங்:
13.9 வருகிறதே, ஓல்டனேட்டர் நல்லது. ஒன்றரை வோல்ட் வழியில் தொலைகிறது. எங்கே என்று பிடிக்கலாம்.

எஞ்ஜின் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனை எஞ்ஜின் பெட்டரி பிளஸ்ஸில், மற்றது உள் பெட்டரி பிளஸ்ஸில். வரும் எண் பிளஸ் பக்கம் தொலைவது. பிறகு மைனஸுக்கு மைனஸ் அதே மாதிரி. மீட்டர் வயர் எட்டாது, நீளமான வயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டருக்குக் கரண்ட் வேண்டியதில்லை, மெல்லிய வயரே போதும். கையும் வயரும் பெல்ட் பக்கம் போகாமல் கவனம்.

பண்டாரவளைக் கொம்பி:
பிளஸ் பக்கம் 0.4. மைனஸ் பக்கம் 1.1!

ஹட்டன் வயரிங்:
அப்போ பழுது எர்த்தில்தான், அதாவது மைனஸ் வண்டியின் பொடியோடு (உலோக உடலோடு) சேரும் இடத்தில். உள் பெட்டரியின் மைனஸ் வயர் பொடியில் எங்கே போல்ட் போட்டிருக்கிறது என்று தேடுங்கள். சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டுக்கு அடியில்தான் பெரும்பாலும் இருக்கும். நம் பக்கத்து மழைக்கும் பனிக்கும் அந்தக் கார்ப்பெட் காய்வதே இல்லை. போல்ட் இறுக்கமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், கழற்றிப் பாருங்கள். பெட்டரியின் மைனஸை முதலில் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

பண்டாரவளைக் கொம்பி:
நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது அண்ணே. போல்ட் அசையவே இல்லை, அவ்வளவு இறுக்கம். கழற்றினால் வளையத்துக்குக் கீழே பெயின்ட், அதன்மேல் பழுப்புத் துரு. வயரின் செம்பு நுனி பச்சை பூத்து, இழுத்ததும் சில நார்கள் கையோடு வந்துவிட்டன. பச்சை போகும்வரை வெட்டிப் புது வளையம் போட்டேன். பொடியை வயர் பிரஷ்ஷால் பளபளப்பான தகடு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லைன் பூசினேன்.

இப்போது மைனஸ் பக்கம் 0.05. உள் பெட்டரியில் 13.3. பம்ப் போட்டாலும் லைட் அசையவில்லை. மிகவும் நன்றி அண்ணே.

ஹட்டன் வயரிங்:
சந்தோஷம் தம்பி. ஆனால் பிளஸ் பக்கத்தையும் விடக் கூடாது. அந்த வயர் 2.5 சதுர மில்லிமீட்டரா?

பண்டாரவளைக் கொம்பி:
ஆமாம். நீளம் நாலரை மீட்டர் இருக்கும்.

ஹட்டன் வயரிங்:
கணக்குச் சரியாக வருகிறது. அந்த நீளத்துக்கு 0.03 ஓம். 12 ஆம்பியரில் 0.37 வோல்ட் வயரிலேயே போய்விடும். எர்த் சரியானதும் கரண்ட் கூடியிருக்கும், இழப்பும் கூடும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். பண்டாரவளையில் கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது பஞ்சிகாவத்தையில் வாங்கிவரச் சொல்லுங்கள்.

யாழ் மின்கலம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த பிளஸ் வயரில் பியூஸ் எத்தனை?

பண்டாரவளைக் கொம்பி:
உள் பெட்டரிப் பக்கம் ஒன்று, 30 ஆம்பியர். எஞ்ஜின் பக்கம் இல்லை அண்ணா.

யாழ் மின்கலம்:
இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு முனையிலும் பற்றரி இருப்பதால், நடுவில் வயர் உரசிப் பொடியைத் தொட்டுவிட்டால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பக்கப் பியூஸ் எரிந்தாலும் மற்றப் பக்கம் வயரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். கொம்பியில் பெற்றோல் தாங்கி எஞ்ஜின் அறைக்கு ஒட்டி முன்னால் இருக்கிறது, அந்த அறைக்குள்தான் உங்கள் வயர் தொடங்குகிறது. ரிலே ஒட்டிக்கொண்டாலும் இதே ஆபத்து: ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த மெல்லிய வயர் வழியாக உள் பற்றரியிலிருந்தும் இழுக்கும்.

இரண்டு பற்றரிக்கும் பக்கத்திலேயே ஒவ்வொரு பியூஸ். 2.5 வயர் இருக்கும்வரை 20 ஆம்பியர், 16 போட்ட பிறகு 40. தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் றப்பர் வளையம் கட்டாயம்.

பண்டாரவளைக் கொம்பி:
வயர் வரும்வரை எஞ்ஜின் பக்க இணைப்பைக் கழற்றி டேப் சுற்றி வைக்கிறேன். உள் பெட்டரிக்கு வீட்டுச் சார்ஜர் போதும்.

யாழ் மின்கலம்:
அதுதான் சரி. 16 வயருக்கு வளையத்தைக் குறட்டால் நசுக்க வேண்டாம், கிரிம்பர் உள்ள கடையில் கொடுத்துப் போடுங்கள்.