குன்றக்குடியிலிருந்து பழனிக்கு அப்பாவோடு நடை: தைப்பூசமா, பங்குனி உத்திரமா, எப்போது கிளம்புவது?

தேவகோட்டை மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 2027-ல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கலாம் என்றிருக்கிறேன். அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி தினமும் காலையில் கண்மாய்க்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிற ஆள். சின்னப் பையனாக இருந்தபோது தாத்தாவோடு இதே பாதையில் போனவர். வேலைக்குப் போனதும் அது நின்றுபோனது. "கால் ஓடுகிறபோதே ஒரு தடவை போய்விட்டு வந்துவிடணும்" என்று இப்போது நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் குழப்பம் தேதியில்தான். தைப்பூசம் ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. பூசத்தன்று மலையில் இருக்க வேண்டுமென்றால் பொங்கலை ஒட்டியே கிளம்ப வேண்டியிருக்கிறது. வீட்டில் பொங்கல் வைக்காமல் கிளம்ப அம்மாவுக்கு மனசில்லை. பங்குனி உத்திரம் மார்ச் 22. அப்போது என் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. மே மாதம் எல்லாருக்கும் லீவு, ஆனால் வெயில். டிசம்பர் கடைசியிலும் எனக்குப் பத்து நாள் விடுமுறை கிடைக்கும்.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், லீவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா வெறுங்காலோடுதான் நடப்பேன் என்கிறார். இந்தப் பாதையில் நடந்தவர்கள் சொல்லுங்கள், எந்தச் சமயம் அவருக்குத் தாங்கும்?

---

நத்தம் வழிநடை எழுதியது:

தங்கச்சி, எனக்குச் சொந்த ஊர் சிங்கம்புணரிப் பக்கம். காவடிக்கூட்டம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். நானும் வருடா வருடம் இந்தப் பாதையில் நடக்கிறவன். அப்பாவை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்: தை மாதம்தான். ஆனால் பூசத்தன்று மலையில் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

முதலில் மற்ற மாதங்களைப் பற்றி. மே வேண்டவே வேண்டாம், அக்னி நட்சத்திரத்தில் திண்டுக்கல் சாலையில் 68 வயதுக்காரரை நடக்க வைப்பது பாவம். டிசம்பரில் வடகிழக்கு மழை சில வருடம் மாதக் கடைசி வரைக்கும் இழுக்கும். கொட்டாம்பட்டி தாண்டி நத்தம் வரைக்கும் ரோட்டோரம் சேறாகிவிட்டால் தார்மேல் ஏறித்தான் நடக்க வேண்டும், பின்னால் லாரி வரும். அதோடு அந்தச் சமயம் இந்தப் பாதையில் பந்தலும் இருக்காது, துணைக்கு ஆளும் இருக்காது. தனியாக நடந்து பழகியவர்களுக்குச் சரி. முதல்முறை போகிறவர்களுக்கு வழியில் நாலு பேர் இருப்பதுதான் பெரிய பலம்.

பங்குனி உத்திரத்துக்கு நானும் நடந்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தின் பக்தியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் காலை பத்து மணிக்குப் பிறகு தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. வெறுங்காலில் நடக்கிறவர்கள் ரோட்டோரம் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டின் மேலேயே அடி மேல் அடி வைத்துப் போவார்கள், அது கொஞ்சம் சூடு கம்மியாக இருக்கும். கோடு அழிந்துபோன இடம் வந்ததும் எல்லாரும் ஓட ஆரம்பிப்பார்கள். அப்பாவால் அப்படி ஓட முடியாது, ஓடவும் கூடாது.

தையில் பகல் நடக்கிற மாதிரி இருக்கும். பூசத் தேதி வருடத்துக்கு வருடம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதைக் கவனிக்க வேண்டும். 2024-ல் ஜனவரி 25, 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1. பிப்ரவரி நடுவில் வருகிற வருடம் மத்தியான வெயில் சுள்ளென்று இருக்கும். 2027-ல் சீக்கிரமே வருவதால் வெயில் தொந்தரவு குறைவு, பனிதான் அதிகம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தால் தலைமாட்டில் வைத்த பை தொட்டால் ஈரமாக இருக்கும். காதை மூடுகிற குல்லாவும் ஒரு கனத்த துண்டும் கட்டாயம். கோபால்பட்டி, சாணார்பட்டிப் பக்கம் மலைக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது நாள் கணக்கு. குன்றக்குடியிலிருந்து பழனி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இளவட்டங்கள் ஐந்து நாளில் போய்விடுவார்கள். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இருபது போதும், ஆக எட்டு நாள். பூசத்தன்று போய்ச் சேர வேண்டுமென்றால் பொங்கலன்றே ரோட்டில் இருக்க வேண்டும். அதனால் வீட்டில் பொங்கல், மாட்டுப் பொங்கல் எல்லாம் முடித்துவிட்டு, ஜனவரி 17 விடியலில் குன்றக்குடி மலையில் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சிங்கம்புணரி, சமுத்திராபட்டி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் வரைக்கும் நீங்கள் பூசத்துக்கு முந்திய நாட்களில் நடப்பீர்கள். பந்தல், அன்னதானம், சுக்குக் காப்பி, கால் தேய்த்துவிடுகிற பிள்ளைகள் எல்லாம் அப்போது வழி முழுக்க இருப்பார்கள். பூசத்தன்று நீங்கள் திண்டுக்கல் பக்கம் இருப்பீர்கள், அவ்வளவு கூட்டமும் உங்களுக்கு முன்னால் மலையில் இருக்கும். பூசம் கொடியேறி ஏழாம் நாள். திருவிழா பத்து நாள், கடைசி நாள் தெப்பம். நீங்கள் 24 சாயங்காலம் பழனி போனால் மறுநாள் தெப்பத்தையும் பார்க்கலாம்.

இன்னொன்று நிலா. இதை யாரும் யோசிப்பதில்லை. பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், அதற்கு முந்திய நாட்களில் நிலா சாயங்காலமே மேலே வந்து நடுராத்திரிக்குப் பிறகு இறங்கிவிடும். 17, 18-ல் நீங்கள் மூன்றரை மணிக்கு நடக்கும்போது கும்மிருட்டு. டார்ச்சும், முதுகில் ஒளிரும் பட்டையும் இல்லாமல் இறங்காதீர்கள். அந்த இரண்டு நாளும் நன்றாக வெளுத்த பிறகு கிளம்பினாலும் தப்பில்லை. பௌர்ணமி தாண்டியதும் நிலைமை மாறிவிடும், விடியும் வரைக்கும் நிலா மேலேயே நிற்கும். திண்டுக்கல்லைத் தாண்டி நடக்கிறபோது உங்களுக்கு அந்த வெளிச்சம் கிடைக்கும். அங்கிருந்து பழனி வரைக்கும் பாதயாத்திரைக்கென்றே ரோட்டோரம் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள், அதிலேயே போங்கள்.

---

நொய்யல்காரன் எழுதியது:

நத்தம் அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி சரிங்க. ஆனால் பூசம் முடிந்தால் மலை காலியாகிவிடும் என்று நம்பி வந்துவிடாதீர்கள் அக்கா. எடப்பாடிக் காவடி வருவது அதற்கப்புறம்தான். சேலம் மாவட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்து வருவார்கள். மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரித்து, அன்று ராத்திரி மலையிலேயே தங்குகிற உரிமை அவர்களுக்கு உண்டு. பூசம் முடிந்த சில நாட்களுக்குள் அது நடக்கும். எந்த நாள் என்று அந்த வருடம் பழனியில் விசாரித்துக்கொண்டு, அதற்கு முதல் நாளோ மறுநாளோ மலை ஏறுங்கள். பார்க்கக் கிடைத்தால் பாக்கியம்தான், ஆனால் வயதானவரோடு அந்த நெரிசலில் வேண்டாங்க.

பங்குனி உத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதுதான் பெரிய நடை. கொடுமுடியில் காவிரித் தண்ணீரை முகந்து தீர்த்தக் காவடியாகத் தோளில் எடுத்து வந்து சாமிக்கு அபிஷேகம் செய்வோம். வெயில் காலத்தில் சாமியைக் குளிர வைக்கத்தான் அந்த நடையே, வெயிலைப் பொறுத்துக்கொள்வதும் அதில் சேர்த்திதான். அதனால் பங்குனியை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் தீர்த்தம் எடுக்காமல், சர்க்கரை உள்ள பெரியவரோடு, கிழக்கேயிருந்து அத்தனை தூரம் வருகிறவர்களுக்கு நானும் தையைத்தான் சொல்வேன்.

ஆடிக் கார்த்திகைக்கு நடக்கலாமா என்று சில பேர் கேட்பார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து மேற்கே திரும்பி நடக்கும்போது ஆடிக்காற்று நேராக முகத்தில் அடிக்கும், கண்ணில் மண் விழும். அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

வார்டு சிஸ்டர், மதுரை எழுதியது:

மாதத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் காலைப் பற்றிச் சொல்கிறேன். சர்க்கரைப் புண்ணோடு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுகிற வார்டில்தான் என் வேலை.

அம்மா, தேதி குறிப்பதற்கு முன்னால் அப்பாவின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் அழுத்திப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் பேச்சையே எடுக்கக் கூடாது. தார் சுடுவது அவருக்குத் தெரியாது. கல் குத்தியதும் தெரியாது. சாயங்காலம் துணியில் ஈரம் பட்ட பிறகுதான் பார்ப்பார். தை மாதம் என்றாலும் மத்தியானம் இரண்டு மணித் தார் சூடாகத்தான் இருக்கும்.

முன்பே போட்டுப் பழகிய ஷூ, வெள்ளைப் பருத்திக் காலுறை. வெள்ளை என்றால்தான் ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் காலுறையைக் கழற்றி, விரல் இடுக்கு வரைக்கும் நீங்களே பாருங்கள். அவரைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்.

அடுத்தது மாத்திரை. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவர் திடீரென்று ஆறு மணி நேரம் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நடை நாட்களுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்னதானப் பந்தலில் சாப்பாடு நம் நேரத்துக்குக் கிடைக்காது. ஒரு இடத்தில் பத்து மணிக்குப் பொங்கல், அடுத்த வாய் சோறு மூன்று மணிக்கு. பையில் சுண்டலும், சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமும் எப்போதும் இருக்கட்டும். வேர்த்துக் கை நடுங்கினால் அந்த இடத்திலேயே உட்கார வைத்துக் கொடுத்துவிடுங்கள், அடுத்த பந்தல் வரட்டும் என்று நடத்தாதீர்கள். குளுக்கோமீட்டரும் எடுத்துப் போங்கள்.

---

தேவகோட்டை மகள் எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி போனில் எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜனவரி 17 என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம், பொங்கல் முடிந்துவிடுகிறதே. நிலாக் கணக்கைக் கேட்டதும் அப்பா, "எங்கய்யாவும் பூசம் தாண்டி நடந்தால் விடியல் வெளிச்சம் என்று சொல்வார்" என்றார்.

வெறுங்கால்தான் இன்னும் முடியவில்லை. செருப்புப் போட்டு நடந்தால் அது நடையே இல்லை என்கிறார். என்ன சொல்லிப் புரிய வைப்பது? அப்புறம், விரதத்துக்கு மாலை எப்போது போடுவது? இப்போதிருந்தே அவர் நடந்து பழக வேண்டுமா?

---

நத்தம் வழிநடை எழுதியது:

நொய்யல் தம்பி எடப்பாடிக் காவடியை ஞாபகப்படுத்தியது நல்லதாகப் போயிற்று. தங்கச்சி, அந்த நாளைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள், 26-ம் தேதி வரைக்கும் லீவு எடுத்துவிடுங்கள். மலைமேல் செல்போன் அனுமதி இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பிரிந்துவிட்டால் எந்த இடத்தில் நிற்பது என்று அடிவாரத்திலேயே அப்பாவிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை போட 48 நாள் கணக்கு வைப்பவர்கள் உண்டு. 24-ம் தேதிக்குப் போய்ச் சேருவதாக இருந்தால் டிசம்பர் முதல் வாரத்திலேயே போட வேண்டும். முடியாதவர்கள் தை முதல் தேதி போட்டுக்கொண்டும் வருகிறார்கள். சர்க்கரை உள்ளவர் ஒருவேளைச் சாப்பாடு என்று விரதம் இருக்க வேண்டாம், சிஸ்டரும் அதைத்தான் சொல்வார்கள்.

நடைப்பழக்கம் ஐப்பசியிலேயே ஆரம்பிக்கணும். அது மழைக்காலம், கண்மாய்க்கரை வழுக்கும், வெளியே போக முடியாத நாள் நிறைய வரும். அதனால் புரட்டாசியிலேயே நேரத்தைக் கூட்ட ஆரம்பித்துவிட்டால் நல்லது. மார்கழியில் வாரம் ஒருமுறை தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வரைக்கும் காலையில் நடந்து, பஸ்ஸில் திரும்பட்டும். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

வெறுங்கால் விஷயத்தை அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வழி முழுக்க ஷூ போட்டு நடக்கட்டும். பழனியில் சண்முகநதியில் குளித்ததும் கால் சுத்தமாகிவிடும். டாக்டர் சரி என்றால் மலைப்படியை மட்டும் வெறுங்காலில் ஏறட்டும், 690 படி போல வரும். விடியற்காலையில் ஏறினால் கல் சில்லென்று இருக்கும், ஏறும்போது அவர் கை உங்கள் தோளில் இருக்கட்டும். எங்கள் கூட்டத்தில் வயதானவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுடைய நடையை நாங்கள் யாரும் குறைத்து எண்ணியதில்லை.

18-ம் தேதி ராத்திரி சிங்கம்புணரிப் பக்கம் வந்துவிடுவீர்கள். சேவுகப்பெருமாள் கோயில் பக்கத்தில் விசாரித்தால் தங்க இடம் கிடைக்கும். அன்று நானும் ஊரில்தான் இருப்பேன், மறுநாள் சமுத்திராபட்டி வரைக்கும் கூட வருகிறேன்.