லூபஸோடு என்எம்ஓ-வும்: அக்காவுக்காகக் கேட்கிறேன்

வணக்கம், தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அக்காவுக்கு ஆறு வருடமாக லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். போன மாதம் வலது கண்ணை அசைத்தாலே வலி, அப்புறம் இரண்டே நாளில் சிவப்புப் புடவை வெளுத்துப்போய்த் தெரிகிறது என்றாள். கண்ணாடி மாற்றச் சொல்லி ஓரிடத்தில் அனுப்பிவிட்டார்கள், அந்த ஒரு வாரம் வீணானது இன்னும் மனதை அறுக்கிறது. ரத்தப் பரிசோதனையில் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்த பிறகுதான், பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்எம்ஓ-வும் சேர்ந்திருப்பது தெரிந்தது. லூபஸ், ஷோகிரன் (கண்ணும் வாயும் வறண்டுபோகும் நோய்) உள்ள சிலருக்கு இதுவும் கூடவே வருமாம். ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றியதில் பார்வை பாதி திரும்பியிருக்கிறது.

அடுத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி என்கிறார்கள். இரண்டு நோயும் உள்ளவர்கள் யாராவது போட்டிருக்கிறீர்களா? தொற்று ஏதும் வந்ததா? நரம்பியல், மூட்டுவாதம் இரண்டு டாக்டரையும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஒரே நாளில் பார்க்க முடியுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.