கூட்ட நேரத்தில் மட்டும் பொரித்த மீன் நமுத்துப்போவது ஏன்?

கேள்வி:
கடற்கரையோரம் கவுண்டரில் டோக்கன் கொடுத்து விற்கும் மீன் கடை. ஃப்ரையர் ஒன்றுதான், பத்து லிட்டர். முதல் நாலைந்து ஈடு மொறுமொறுவென்று வருகிறது. கூட்டம் சேர்ந்ததும் மேல்மாவு கழன்று, எண்ணெய் குடித்து, பார்சலில் பத்து நிமிடத்தில் நமுத்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் 180 டிகிரியில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டியது மாவையா, எண்ணெயையா?

பதில் 1:
முதலில் ஒரு ஈட்டுக்கு எத்தனை கிலோ போடுகிறீர்கள் என்று பாருங்கள். பத்து லிட்டர் எண்ணெய் சுமார் 9 கிலோ. மீன் அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு கிலோவும் கொஞ்சமும்தான் இருக்கலாம். குளிர்ந்த மீனை அதற்கு மேல் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும், மாவு இறுகாமல் ஊறும். தெர்மோஸ்டாட் குமிழ் 180 காட்டினாலும் எண்ணெய் அந்தச் சூட்டில் இருக்காது. கம்பித் தெர்மாமீட்டரை எண்ணெயிலேயே விட்டுப் பாருங்கள். அடுத்த ஈட்டுக்கு முன் சூடு திரும்ப ஏறியாக வேண்டும்.

இன்னொன்று, மீன் எண்ணெயைக் குடிப்பது பெரும்பாலும் வெளியே எடுத்த பிறகுதான். உள்ளிருக்கும் ஆவி குளிரும்போது மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுக்கும். அதனால் கூடையைத் தூக்கிய உடனே, எண்ணெய்க்கு மேலேயே நாலு உதறு உதறுங்கள்.

பதில் 2:
மேல்மாவு கழல்வதற்குக் காரணம் ஈரம். உறைந்த மீனை முந்தின இரவே குளிர்பெட்டியில், ஓட்டைத் தட்டில் வைத்து இளக்குங்கள். நீர் கீழே வடியட்டும். அவசரத்துக்குத் தண்ணீரில் போட்டு எடுத்து அப்படியே மாவில் முக்குவதுதான் கூட்ட நேரத்தில் நடக்கும் தப்பு. துணியால் ஒற்றி, சோளமாவை மெலிதாகத் தூவி, உதறிவிட்டுக் கரைசலில் முக்குங்கள். கரைசலை ஐஸ் மேல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். மைதா கரைசலைக் கலக்கிக்கொண்டே இருந்தால் சவ்வுபோல இழுக்கும், மொறுமொறுப்பு வராது.

பதில் 3:
எண்ணெயையும் விட்டுவிடக் கூடாது. நல்ல எண்ணெயில் குமிழிகள் பெரிதாக வந்து உடனே உடையும். நுரை பொடிப்பொடியாக, உடையாமல் விளிம்புவரை ஏறினாலோ, 180-இலேயே புகைந்தாலோ மாற்றிவிடுங்கள். கருகிய மாவுத் துணுக்கை ஒவ்வொரு ஈட்டுக்கும் அரித்தெடுங்கள். உப்பை எண்ணெய்க்கு மேல் தூவாதீர்கள், எண்ணெய் சீக்கிரம் கெடும்.

வடிய வைக்கக் காகிதம் வேண்டாம், கம்பி வலை போதும். பார்சல் பெட்டியில் ஓட்டை இல்லையென்றால் ஆவி மூடியில் நீராகி மீன்மேலேயே சொட்டும். ஒரே எண்ணெயில் இறாலும் பொரிப்பதாக இருந்தால் அதைக் கவுண்டரில் எழுதி வையுங்கள். இறால் ஒவ்வாதவர்களுக்கு அந்த எண்ணெயில் பொரித்த மீனும் ஆகாது.

கேட்டவர்:
இப்போது ஈட்டுக்கு இரண்டரை கிலோ போகிறது. பாதியாகக் குறைத்தால் வரிசை நீளாதா?

பதில் 1:
நினைக்கிற அளவுக்கு நீளாது. விரல் கன மீனுக்கு 4 நிமிடம் போதும், சூடும் சீக்கிரம் திரும்பும். இரண்டரை கிலோ போட்டால் வேகவே கூடுதல் நேரம், எண்ணெய் மறுபடி காய அதற்கு மேலும். அப்படியும் வரிசை நகரவில்லை என்றால் இரண்டாவது ஃப்ரையர் வாங்குங்கள், கூடையை மட்டும் நிரப்பாதீர்கள்.