கேக்குக்கு எசென்ஸ் போதுமா, வெனிலா காயே வேண்டுமா?

தணல்:
வீட்டில் கேக் செய்வோரிடையே ஆலையில் செய்யும் சாதாரண வெனிலா எசென்ஸை ஏளனமாகப் பார்ப்பதும், வெனிலா காயையும் அதை ஆல்கஹாலில் ஊற வைத்து இறக்கிய எக்ஸ்ட்ராக்டையும் தூக்கிப் பிடிப்பதும் வழக்கமாகி விட்டது. அவனில் (ஓவன் அடுப்பில்) வேகும் எந்தப் பண்டத்துக்கும் அது வீண் செலவு என்பதே என் கட்சி. வெனிலா மணத்தின் பெரும்பகுதி வெனிலின் என்ற ஒரே சேர்மத்தினால் வருகிறது. 1874-ஆம் ஆண்டிலேயே டீமான், ஹார்மான் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள், ஊசியிலை மரங்களில் உள்ள கோனிஃபெரினைக் கொண்டு அதைச் செயற்கையாகச் செய்து காட்டி விட்டார்கள். காயில் விளைந்தாலும் ஆலையில் விளைந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். பிறகு எதற்கு இந்தக் குலப்பெருமை?

இளஞ்சூடு:
மூலக்கூறு ஒன்றுதான் என்பதை நான் மறுக்கவில்லை, தணல் அவர்களே. ஆனால் காயில் அது தனித்து இருப்பதில்லை. பறித்த பச்சைக் காய்க்குச் சொல்லிக்கொள்ளும்படி மணமே கிடையாது. அதை வெந்நீரில் முக்கி, கம்பளியில் போர்த்தி வியர்க்க விட்டு, வெயிலிலும் நிழலிலும் மாதக்கணக்கில் உலர்த்தும்போதுதான், சர்க்கரையோடு பிணைந்து கிடந்த வெனிலின் நொதிகளின் வேலையால் விடுபடுகிறது. பதமான காயில் அதன் பங்கு எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். அதனுடன் 200-க்கும் மேற்பட்ட பிற சேர்மங்களும் காயில் கண்டறியப்பட்டுள்ளன. மரவாசனை, உலர்பழத்தின் இனிமை, லேசான புகை ஆகியவை அவற்றால் வருபவை. வெண்ணெய், முட்டை, சர்க்கரை, மைதா தவிர வேறொன்றும் இல்லாத பவுண்ட் கேக்கில் இந்த வேறுபாட்டை ஒளித்து வைக்க இடமே இல்லை.

தணல்:
அந்த 200-இல் எத்தனை கேக் வெந்து முடியும்வரை தங்கும்? அவற்றில் பல எளிதில் ஆவியாகக் கூடியவை. வெனிலினின் கொதிநிலையோ 280 பாகை செல்சியஸுக்கும் மேல். அவனை 180 பாகையில் வைத்துச் சுட்டு எடுத்த பிறகு பெரும்பாலும் எஞ்சுவது எதுவோ, அதைத்தான் எசென்ஸ் முதலிலேயே தந்து விடுகிறது.

இளஞ்சூடு:
180 பாகை என்பது அவனுக்குள் இருக்கும் காற்றின் சூடு. மாவில் ஈரம் இருக்கும்வரை கேக்கின் உட்புறம் 100 பாகையைத் தாண்டுவதில்லை. ஓரம் முறுகும்வரை சுடும் மெல்லிய பிஸ்கட்டுக்குத் தங்கள் வாதம் பொருந்தும். உயரமான கேக்கின் நடுப்பகுதிக்குப் பொருந்தாது.

தணல்:
100 பாகையில் கிளம்பும் நீராவியே போதுமே, மணத்தைத் தன்னோடு இழுத்துச் செல்ல! பூக்களிலிருந்து வாசனைத் தைலம் வடிப்பதும் இந்த வழியில்தான்.

மாவுச்சல்லடை:
இருவரும் எது உயர்ந்தது என்று வாதிடுகிறீர்களே தவிர, எப்போது, எதனுடன் சேர்ப்பது என்பதைத் தொடவே இல்லை. வெனிலின் குளிர்ந்த நீரில் சிறிதளவே கரையும். ஆல்கஹாலிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். ஆகவே எசென்ஸோ எக்ஸ்ட்ராக்டோ, கடைசியில் மாவின் மேல் ஊற்றிக் கிளறுவதைவிட, வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கும்போதே சேர்ப்பது நல்லது. காயைப் பயன்படுத்துவோர் அதை நீளவாக்கில் பிளந்து, கத்தியின் பின்புறத்தால் வழித்தால், பிசுபிசுப்பான கரிய விழுது ஒன்று திரண்டு வரும். அதை அப்படியே மாவில் போட்டால் ஓரிடத்திலேயே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். முதலில் சர்க்கரையில் போட்டு, சர்க்கரை சாம்பல் நிறமாகி மணக்கும்வரை விரல் நுனியால் தேய்த்து விட்டால் சீராகப் பரவும். வழித்த தோலை எறிந்து விடாதீர்கள், மணத்தில் கணிசமான பங்கு அதில் இருக்கிறது. சர்க்கரை டப்பாவில் புதைத்து வைத்தால் வெனிலா சர்க்கரை கிடைக்கும்.

எசென்ஸ் பக்கம் நிற்பவர்களுக்கும் ஒரு சொல். சில எசென்ஸ்களில் எத்தில் வெனிலின் என்ற பொருள் இருக்கிறது. அது வெனிலினைவிட 2 முதல் 4 மடங்கு வீரியமானது. எக்ஸ்ட்ராக்டுக்குச் சொன்ன அளவை அப்படியே எசென்ஸுக்கும் எடுத்துக்கொண்டால் கேக்கில் மருந்து வாடை அடிக்கும். பலர் எசென்ஸை வெறுப்பதற்குக் காரணம் இந்த அளவுக் குழப்பம்தான் என்பது என் ஊகம்.

தணல்:
என் தரப்பையும் பேசியதற்கு நன்றி. வெனிலா பேஸ்ட்டைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கெட்டி விழுதில் காயின் விதைகளாகத் தெரியும் கரும்புள்ளிகளைக் காட்டியே மயக்குகிறார்கள்.

மாவுச்சல்லடை:
புள்ளிகள் தெரிவதாலேயே மணம் உண்டு என்று முடிவு கட்ட முடியாது. சாறு இறக்கிய பின் எஞ்சிய சக்கையை அரைத்தும் சில பண்டங்களில் கலக்கிறார்கள். லேபிளைப் படித்து வாங்குவதே வழி. எக்ஸ்ட்ராக்ட் என்ற பெயருக்கு அமெரிக்காவில் சட்டப்படியே வரையறை உண்டு: குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹாலும், லிட்டருக்குச் சுமார் 100 கிராம் காயிலிருந்து இறங்கிய சாரமும் இருந்தாக வேண்டும்.

இளஞ்சூடு:
அவனில் வேகாத பண்டங்களை மறந்து விட வேண்டாம். கஸ்டர்டிலோ கிரீமிலோ, பிளந்த காயைச் சூடான பாலில் போட்டு மூடி வைத்து எடுத்தால் வரும் சுவைக்கு எசென்ஸ் கிட்டே நெருங்க முடியாது. காய் இல்லையென்றால், அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பிறகு எக்ஸ்ட்ராக்டைச் சேர்க்கலாம்.

தணல்:
கஸ்டர்டை விட்டுத் தருகிறேன். நான் தொடக்கத்திலேயே அவனில் வேகும் பண்டம் என்றுதான் சொன்னேன். பழுப்பு நிற எக்ஸ்ட்ராக்டை ஊற்றி, தூய வெள்ளையாக இருக்க வேண்டிய ஐசிங்கை மங்கச் செய்யும் பிடிவாதத்தையும் தாங்கள் விட்டுத் தந்தால் கணக்கு சரியாகும். சாக்லேட், காபி, பட்டை, கிராம்பு ஆகியவற்றில் ஒன்று சேரும் கேக்கில்கூடக் காயைப் பிளப்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

இளஞ்சூடு:
அங்கே எசென்ஸ் போதும் என்றுதான் சொல்வேன். பவுண்ட் கேக்கில் மட்டும் இறங்கி வர மாட்டேன்.