பள்ளியில் சமய வகுப்பும் என்.சி.சி.யும் கட்டாயமா? கடிதம் எழுத உதவுங்கள்

அண்ணன்மார், ஆச்சிமார் யாராவது வழி சொல்லுங்கள். மகன் காரைக்குடியில் தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. சமய வகுப்பும் சனிக்கிழமை என்.சி.சி.யும் எல்லோருக்கும் கட்டாயம் என்கிறார்கள். வீட்டில் ஐயா பக்கத்தில் உட்கார்ந்து தானாகவே பதிகம் பாடுகிற பிள்ளை. அட்டெண்டன்ஸுக்குப் பயந்து சாமி கும்பிடுவதற்குத்தான் மனசு ஒப்பவில்லை.

அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமய போதனைக்கு வரச் சொல்லக் கூடாது என்கிறது அரசியல் சட்டப் பிரிவு 28(3). 1948ஆம் ஆண்டு என்.சி.சி. சட்டப்படியும் விரும்புகிற மாணவர்தான் சேரலாம். முதல்வரிடம் நேரில் கேட்டேன். "எல்லோரும் வருகிறார்களே" என்றதோடு சரி.

எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கியவர்கள் அந்தக் கடிதத்தைக் காட்டுவீர்களா? அப்புறம் பிள்ளையை ஒதுக்காமல் நடத்தினார்களா என்றும் சொல்லுங்கள்.