மகளின் நடனக் கில்ட்டுக்கு எந்த டார்டன் துணி?

கிளாஸ்கோவில் இருக்கிறோம். ஏழு வயது மகள் ஹைலேண்ட் நடனம் கற்கிறாள், கோடைப் போட்டிகளுக்கு முன் கில்ட்டை (கட்டம் போட்ட ஸ்காட்லாந்து மடிப்புப் பாவாடை) நானே தைத்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன் (கடையில் விலை கேட்டதும் வந்த வீரம்தான்). டார்டன் என்னும் ஸ்காட்லாந்துக் கட்டத்துணியில், வெள்ளை அதிகம் உள்ள டிரெஸ் டார்டன்தான் மேடையில் எடுப்பாக இருக்கும், அது சரி. ஆனால் டிரெஸ் ஸ்டூவர்ட் என்ற வகையின் மாதிரித் துண்டு ஒன்றை அவள் இடுப்பில் வைத்துப் பார்த்தால், இரண்டு கட்டம் வருவதற்குள் முன்பக்கமே முடிந்துவிடுகிறது. சின்னக் கட்டமாக எடுத்தால் பின்மடிப்புகளில் கோடுகளைச் சேர்ப்பதும் சுலபமா? அப்புறம் துணியின் எடை (கஜத்துக்கு): 11 அவுன்ஸ் கம்பளியா, 13 அவுன்ஸா? பாலி விஸ்கோஸில் (செயற்கை இழைக் கலவைத் துணி) தைத்தவர்கள் இருந்தால், இஸ்திரி மடிப்பு எத்தனை ஆட்டத்துக்குத் தாங்கியது? கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை என்பதால், வளரும் பிள்ளைக்கு இடுப்புப் பக்கம் எவ்வளவு துணி கூடுதலாக விட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.